ஏரி வேலையை நிறுத்திய பெருமை

திவ்யா கண்ணு,

போன வாரம் நீ உன் அம்மாவிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவள் என்பது உனக்குத் தெரியாததா? “மண்டபம், சாப்பாடு, புடவை எல்லாம் உங்க இஷ்டம்மா. ஒண்ணே ஒண்ணு. மேடையில அப்பா கையில மைக்கக் குடுக்கக் கூடாது” என்றாய். உன் அம்மா சிரித்துவிட்டு, “அந்த மனுசன் மைக் புடிக்காத கல்யாணம் இந்தக் கிரிவலப் பாதையில இதுவரைக்கும் நடந்திருக்காடி?” என்று கேட்டாள். நீ சிரிக்கவில்லை. “அதுக்குத்தாம்மா சொல்றேன்” என்றாய். நான் கூடத்தில் உட்கார்ந்து, உன் கல்யாணத்தில் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தொடக்கமே பிரமாதமாக வந்திருந்தது. அப்படியே நிறுத்திவிட்டேன்.

ஊருக்கெல்லாம் நான் மாமா. டீக்கடை பெருமாளில் ஆரம்பித்து, மூலிகைத் தண்ணீர் விற்கிற பொடிசுகள் வரை மாமாதான். உனக்கு ஒருத்திக்குத்தான் நான் அப்பா. அந்த ஒரு உத்தியோகத்தைத்தான் நான் சரியாகப் பார்க்கவில்லை. இதை உன்னிடம் தனியாகச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் உனக்கு நான் செய்ததை ஊர் முன்னால் செய்தேன். அதனால் இதையும் ஊர் பார்க்கிற இடத்தில்தான் எழுத வேண்டும். நம் கடைக்காரர் சங்கத்தின் ஆண்டு மலரில் தலைவர் பக்கம் என்று எனக்கு ஒன்று ஒதுக்குவார்கள், தெரியுமே. சால்வையும் கண்ணாடியுமாக என் கலர் படம், அதன் கீழே நான் உலகத்தைத் தூக்கி நிறுத்திய கதை. இந்த வருடம் அங்கே இந்தக் கடிதம் வருகிறது. அச்சகத்துக்காரர், “படம் எங்க மாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார். ஒரு பக்கத்தில் அடங்காது என்று சொல்லி, நம் துணிக்கடை விளம்பரத்துக்கான பக்கங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

நோய் வந்து பௌர்ணமி கிரிவலம் நின்றுபோன அந்தக் காலத்தை நினைத்துப் பார். அடி அண்ணாமலையில் நம் கடை வாசலில், பௌர்ணமி என்றால் பத்து லட்சம் பேர் நடப்பார்கள், அதில் பாதிப் பேர் என் கடைத் துண்டில்தான் முகம் துடைப்பார்கள் என்று நான் சொல்லுவேன். நீ பல்லைக் கடிப்பது இங்கே தெரிகிறது. சரி, நிறையப் பேர் நடப்பார்கள், சில பேர் துண்டு வாங்குவார்கள். அந்தச் சில பேரும் இல்லாமல் போனார்கள். பௌர்ணமி அன்று பாதையில் நாய்கள் மட்டும் வலம் வந்தன. உன் கல்லூரியையும் மூடிவிட்டார்கள். நீ எம்.ஏ. பொருளாதாரப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய்.

அப்போது நான் சங்கத்தைக் கூட்டி ஒரு யோசனை சொன்னேன். வருமானம் போய்விட்டது, ஆகவே யாரும் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது, கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றேன். நானே வழியும் காட்டினேன். பெருமாள் கடையிலிருந்து நமக்கு வந்த டீயை நிறுத்தினேன். பெருமாள் மேஜை துடைக்க என்னிடம் வாங்கும் துண்டை நிறுத்தினான், பாலையும் குறைத்தான். பால்காரர் தன் வீட்டுக்கு எடுக்கிற வேட்டி, புடவையை எடுக்கவில்லை. வடை போடுகிறவன் எண்ணெயைக் கம்மியாக வாங்கினான். எண்ணெய்க்காரர் மனைவி நைட்டி பார்க்க வந்தவள், கிழிந்ததையே தைத்துக்கொள்கிறேன் என்று ஊசி மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். எல்லோரும் என் பேச்சை அப்படியே கடைப்பிடித்தார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டு, நம் பேச்சுக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாய். அந்தப் பார்வைக்கு அன்றைக்கே நான் அர்த்தம் கேட்டிருக்கலாம்.

கொஞ்ச நாளில் ஒரு செய்தி வந்தது. ஊருக்குப் பின்னால் இருக்கிற ஏரியை நூறு நாள் வேலைக்காரர்களை வைத்து ஆழப்படுத்தப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் மண்டையில் ஏறிவிட்டது. நாட்டில் பணமில்லை என்று எல்லோரும் சொல்கிறபோது, மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறவர்களுக்குக் கூலியா? அந்தப் பணத்துக்கு நம் கடை வரியைக் குறைத்தால் என்ன? சாப்பிடும்போது உன் அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீதான் குறுக்கே வந்தாய்.

“அப்பா, பௌர்ணமிக்கூட்டம் இல்ல. இப்ப நம்ம கடைக்கு யாரு வராங்க?”

“அக்கம்பக்கத்து ஊர் ஜனந்தான்.”

“அவங்களுக்குக் காசு எங்கருந்து வரும்?”

“அது அவங்க பாடு.”

“அது நம்ம பாடும்தாம்பா. நீங்க செலவக் குறைச்சா பெருமாள் மாமாவுக்கு வரவு குறையுது. அவரு குறைச்சா பால்காரருக்குக் குறையுது. எல்லாரும் ஒரே நேரத்துல பயந்து கைய மூடிக்கிட்டா எல்லாருமேதான் முழுகிப் போவோம். அந்த நேரத்துல துணிஞ்சு செலவு பண்ணக்கூடியது அரசாங்கம் ஒண்ணுதான்.”

“ஏம்மா, வீட்ல வருமானம் கம்மியானா செலவக் குறைக்கிறோம். அரசாங்கத்துக்கு மட்டும் தனி சட்டமா?”

“வீடு செலவக் குறைச்சா அந்த வீட்டோட வருமானம் அப்படியேதான் இருக்கும். அரசாங்கம் குறைச்சா ஜனங்க வருமானமே குறையும், அப்புறம் வரியும் குறையும். வித்தியாசம் அதாம்பா.”

“கடன் வாங்கிச் செலவு பண்ணிட்டு நாளைக்கு எவன் கட்டறது?”

“நாளைக்கு வியாபாரம் நல்லா நடக்கும்போது வரி ஜாஸ்தியா வரும், அப்ப கட்டலாம். வரிய ஏத்தறதுன்னாலும் அப்பதான் ஏத்தணும். ஜனங்க படுத்துக் கெடக்கும்போது இல்ல.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன். வரியக் குறைக்கச் சொல்றேன்.”

“சரி, குறைச்சாங்கன்னு வெச்சுக்கோங்க. அந்தப் பணத்த என்ன பண்ணுவீங்க?”

“பீரோவுல வெப்பேன். காலம் கெட்டுக் கெடக்குல்ல?”

“அவ்ளோதாம்பா. உங்களுக்கு விட்ட வரி பீரோவுக்குள்ள போயிடும். ஏரியில மண்ணு வெட்டறவங்களுக்குக் குடுத்த கூலி மறுநாளே கடைக்கு வந்துடும். வரியக் குறைக்கறதே தப்புன்னு நான் சொல்லல. இந்த நேரத்துல யாரு கையில குடுத்தா சுத்தி வருமோ, அவங்க கையில மொதல்ல குடுக்கணும்.”

உன் அம்மா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, “பொண்ணு சொல்றது வெளங்குது” என்றாள். எனக்கும் விளங்கியதுதான். அதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கே விளங்குகிற மாதிரி நீ சொன்னாய். விளங்கியதால்தான் கோபம் வந்தது.

பாதையோரச் சத்திரத்தில் சங்கம் கூடியது. ஐந்நூறு பேர் என்று வெளியூரில் சொல்லுவேன். ஐம்பது பேருக்கு மேல் அங்கே பாய் விரிக்க இடம் கிடையாது. ஏரி வேலையைத் தள்ளிப்போடு, கடை வரியைக் குறை என்று மனு எழுதுவதாக நான் முழங்கி முடித்தபோது நீ எழுந்தாய். முந்தின நாள் சாப்பாட்டில் சொன்னதையே இன்னும் பொறுமையாகச் சொன்னாய். நாலைந்து பேர் தலையாட்டத் தொடங்கியதைப் பார்த்தேன். என் கூட்டத்தில் இன்னொருவர் பேச்சுக்குத் தலைகள் ஆடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. மைக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “எகனாமிக்ஸ் படிக்குது எங்க பாப்பா. அதுக்கு ஃபீஸ் கட்டறது நைட்டி வித்த காசு. நைட்டி வித்தவன் நானு. இதுவரைக்கும் இவ ஒரு கர்ச்சீப் வித்திருப்பாளா, கேளுங்க!” சத்திரமே சிரித்தது. பெருமாள் விசில் அடித்தான். நீ வாசலுக்குப் போனாய். அங்கே செருப்புகள் குவிந்துகிடந்தன. உன் ஜோடியில் ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. நீ குனிந்து தேடிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் சிரிப்பு ஓயவில்லை. மைக் என் கையில்தான் இருந்தது. போதும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேங்கிக்காலுக்குப் போய் கலெக்டர் ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்து, பெரிய அதிகாரி எழுந்து நின்று வாங்கினார், என்னைப் போல் நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும் என்றார் என்று ஊரில் சொன்னேன். மனுவை வாங்கியது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு எழுத்தர். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு ஏரி வேலை தள்ளிப்போயிற்று. கடை வரியும் கொஞ்சம் குறைந்தது. என் மனுவால்தான் நடந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மனுவை யாராவது பிரித்துப் படித்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஆனால் ‘நான்தான் நிறுத்தினேன், நான்தான் குறைத்தேன்’ என்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக்கூட விடாமல் சொன்னேன். ஆகவே அதிலிருந்து நான் இப்போது தப்பிக்க முடியாது, கண்ணு. செய்தேனோ இல்லையோ, பெருமையை நான் எடுத்துக்கொண்டேன். அதனால் பழியும் என்னுடையதுதான்.

குறைந்த வரிப் பணத்தை நீ சொன்ன மாதிரியே பீரோவில் வைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். கடைப்பக்கம் ஒரு ஜனம் வரவில்லை. அந்த நாட்களில்தான் அம்சா வந்தாள். ஏரிக்கரை ஊர்க்காரி, வேலைக்குப் போகிற பெண்களை அதட்டி மேய்க்கிறவள், நம் கடையில் பேரம் பேசியே என்னைக் களைக்க வைக்கிறவள். மகள் வயசுக்கு வந்த சடங்குக்கு ஒரு பட்டுப் பாவாடை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். ஏரி வேலை ஆரம்பித்ததும் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

“அந்தப் பாவாடைய வேற யாருக்காச்சும் குடுத்துடு மாமா. வேலைய நிறுத்திட்டாங்க.”

“அடடா” என்றேன்.

“நீ பெரிய எடத்துலல்லாம் பேசற ஆளாச்சே. எங்களுக்காவ ஒரு தபா போய்ப் பேசேன். நீ பேசினா நடக்கும்னு ஊரே சொல்லுது.”

இவளுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “நீ கவலப்படாத அம்சா, நான் பாத்துக்கறேன்” என்று நெஞ்சில் தட்டிக்கொண்டேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். நீ கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருந்தாய். எழுந்து போய் அந்தப் பாவாடையை மடித்து அலமாரியில் வைத்தாய். நான் வேங்கிக்காலுக்குப் போகவும் இல்லை. எடுத்த பெருமையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருடம் ஏரி வேலை ஆரம்பித்தது. அப்போதும் பௌர்ணமிக் கூட்டம் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் கூலி பேங்கில் ஏறிய அன்று நம் கடையில் நிற்க இடமில்லை. பனியன், பாவாடை, பள்ளிக்கூடத்துச் சட்டைத்துணி என்று அலமாரியே காலியாயிற்று. பெருமாள் கடையில் பஜ்ஜிக்கு அடிதடி. நான் சூரத் சரக்குக்கு ஆர்டர் போட்டேன். கடைக்கு நின்றுபோன டீயை மறுபடி கொண்டுவரச் சொன்னேன். நீ சாப்பாட்டில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக என் கண்ணெதிரே நடந்தது. அன்றைக்கு நீ சென்னைக்குத் திரும்பிப் போயிருந்தாய். உனக்கு ஒரு போன் போட்டு, ‘நீ சொன்னதுதான் சரிம்மா’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான் அதைச் செய்யவில்லை. வேறொன்று செய்தேன். உனக்குத் தெரியும், ஊருக்குத்தான் தெரியாது, அதனால் எழுதுகிறேன். நீ சொன்னதையெல்லாம் என் வார்த்தையாக்கிப் பேச ஆரம்பித்தேன். “எல்லாரும் கைய மூடும்போது அரசாங்கம் கைய விரிக்கணும்யா. பீரோவுக்குப் போற பணம் வேற, கடைக்கு வர பணம் வேற. நான் அப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேன், எவன் கேட்டான்?” பெருமாள் கடையில் இதற்குப் பலத்த வரவேற்பு. ஒரு வாத்தியார்கூட, “மாமா எந்த காலேஜ்?” என்று கேட்டார். அனுபவக் காலேஜ் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். தோளில் பையோடு நீ பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். எவ்வளவு நேரமாக நின்றாயோ. என் கண் உன் மேல் பட்டதும் பேச்சைப் பாதியில் விட்டேன். நீ கிட்டே வந்து, “நல்லாப் பேசறீங்கப்பா” என்றாய். கோபமே இல்லை உன் குரலில். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் உன் கல்யாணத்தில் எனக்கு மைக் கிடைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சத்திரத்தில் உன்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தது ஒன்று. எதற்காகச் சிரிக்க வைத்தேனோ, அதையே திருடி அதற்குக் கைதட்டல் வாங்கியது இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது நீ கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறாய். பிள்ளைகளுக்கு நடத்தும்போது கர்ச்சீப் விற்காதவள் என்ற பேச்சு உன் காதில் கேட்குமோ என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

உன் போனைக் கேட்ட மறுநாள் அம்சா வீட்டுக்குப் போனேன். வண்டியை நிறுத்தும்போதே, “இன்னா மாமா, வீடு தேடி வந்துட்ட? கடைய மூடிட்டியா?” என்றாள். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

“அம்சா, அன்னைக்கு ஏரி வேல வேணாம்னு மனு குடுத்ததே நான்தான்.”

“தெரியுமே.”

“எப்பத் தெரியும்?”

“அப்பவே தெரியும். நீதான் பஸ்ஸுல, கடையில, எல்லாத்துலயும் சொல்லிக்கினு இருந்தியே.”

“அப்புறம் ஏன் என்னாண்ட வந்து கேட்ட?”

“நிறுத்தத் தெரிஞ்ச ஆளுக்கு ஆரம்பிக்கவும் தெரியும்னுதான். வேற யாரப் போய்க் கேக்கறது?”

அவள் குத்திக்காட்டவில்லை. அன்றைக்கு அவளுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான். சடங்குக்குப் பக்கத்து வீட்டுப் பாவாடையை இரவல் வாங்கினாளாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு, “உன் பொண்ணு அப்ப ஒரு நாள் எங்க ஊட்டுக்கு வந்துச்சு. எங்கப்பா பண்ணது தப்பு, மன்னிச்சுக்கங்கன்னுச்சு. அதுக்குக் கல்யாணமாமே, பத்திரிக எங்க?” என்றாள்.

நீ போனாய் என்று எனக்குத் தெரியாது, திவ்யா. நான் நிற்க வேண்டிய வாசலில் நீ நின்றிருக்கிறாய். அதையும் வெளியே சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாய்.

பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அப்பன் புத்தி சொல்வது வழக்கம். உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உன்னிடமிருந்து எடுத்ததுதான். உங்கள் வீட்டில் கஷ்டம் வரும். ஒருவர் பயந்து கையை மூடிக்கொண்டால் மற்றவராவது கொஞ்சம் விரித்து வையுங்கள். நான் பணத்தை மட்டும் சொல்லவில்லை. நல்ல வார்த்தையும் அப்படித்தான். நான் என்னிடம் இருந்ததையெல்லாம் பீரோவில் பூட்டி வைத்தேன். உனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை.

மைக் செட்டுக்காரன் நேற்று அட்வான்ஸ் வாங்க வந்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மைக், நாதஸ்வரத்துக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றேன். அவன் காத்துக்கொண்டிருந்தான். “மாமா, உங்களுக்கு?” என்றான். எனக்கு வேண்டாம் என்றேன். அவன் நம்பவில்லை. வெளியே போய் உன் அம்மாவிடம், “மாமாவுக்குத் தொண்டையில ஏதாச்சும் ஆபரேஷனா அக்கா?” என்று கேட்டிருக்கிறான்.

பெண்ணுக்கு ஒன்று என்றது நிஜம். நீ பேச வேண்டும். கல்யாணத்தில் பெண் பேசுவது வழக்கமில்லை என்று யாராவது முனகினால் முனகட்டும். பேச உனக்கு இஷ்டமில்லை என்றால் அதை அணைத்து வைத்துவிடு. சங்கத்து ஆட்கள் எல்லோரும் வருவார்கள், பெருமாளும் வருவான். அம்சாவுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நான் மண்டப வாசலில், செருப்பு விடுகிற இடத்தில் நிற்கிறேன். கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும். நீ வெளியே வரும்போது உன் செருப்பு இரண்டும் ஒன்றாக என் பக்கத்தில் இருக்கும். தேட வேண்டியதில்லை.

அப்பா